வில்லியம் க்ரப்பர் விடுதலையானது 1788-இலா, 1794-இலா?

காகிதப்புலி எழுதியது:

நண்பர் எழுத்தாணி நேற்று இக்குழுமத்தில் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷுக்கு ஒரு நீண்ட புகழ்மாலை தொடுத்திருந்தார். எடின்பரோவில் 1768-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், ஊர் திரும்பி இருபத்து மூன்றாம் வயதில் வேதியியல் பேராசிரியரானவர், 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், மதுவுக்கும் மரண தண்டனைக்கும் எதிராக எழுதியவர் என்ற வரையில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், ரஷ் தம்மிடமிருந்த வில்லியம் க்ரப்பர் என்ற கறுப்பின அடிமையை 1788-லேயே விடுதலை செய்தவர் என்றும், ஆகையால் சொல்லும் செயலும் ஒன்றாக வாழ்ந்தவர் என்றும் எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் நன்றி வணக்கம் கூறிச் சென்றுவிட்டார்.

1788-இல் ரஷ் எழுதிக் கொடுத்தது ஒரு பத்திரம் மட்டுமே. வில்லியமைத் தாம் விலைக்கு வாங்கியதாகவும், அவரை அடிமையாக வைத்திருப்பது அறிவுக்கும் சமயத்துக்கும் முரணானது என்று தமக்கு உறுதிப்பட்டுவிட்டதாகவும் அதில் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, ஆயுள் அடிமைக்குரிய முழு விலையையும் தாம் கொடுத்திருப்பதால் அதற்கு நியாயமான ஈடு கிடைக்கும் காலம் வரை வைத்துக்கொண்டு, 1794 பிப்ரவரியில் விடுவிப்பதாக அறிவிக்கிறார். அறிவுக்கும் சமயத்துக்கும் முரணான ஒன்று இன்னும் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கலாமாம். போட்ட முதல் கைக்கு வர வேண்டுமல்லவா! ஆகவே க்ரப்பர் விடுதலையான ஆண்டு 1794. எழுத்தாணி அவர்கள் திருத்திக்கொள்வாரா, அல்லது சென்ற ஆண்டு மற்றோர் இழையில் செய்ததுபோல் மௌனமாக நழுவுவாரா என்று காத்திருக்கிறேன்.

எழுத்தாணி எழுதியது:

நாற்பது பத்திகள் எழுதினேன். அவற்றில் ஒரே ஓர் எண்ணைக் கவ்விக்கொண்டு காகிதப்புலி அவர்கள் கிளம்பியிருக்கிறார். புலி என்று பெயர் வைத்துக்கொண்டவர் எலி வேட்டையில் இறங்குவதைப் பார்க்கச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

விடுதலைப் பத்திரம் எழுதப்பட்ட ஆண்டு 1788. ஆகவே விடுதலை 1788. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அமெரிக்க விடுதலை எந்த ஆண்டு என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் 1776 என்றுதான் சொல்லும். பிரிட்டன் அதை ஒப்புக்கொண்டு பாரிஸில் உடன்படிக்கை செய்தது 1783-இல்தான். அதற்காக இனிமேல் அமெரிக்க விடுதலை 1783 என்று பாடநூல்களைத் திருத்தச் சொல்வீர்களா?

ரஷ் எத்தகைய காலத்தில் பேசினார் என்பதையும் பாருங்கள். 1773-இல் அவருக்கு வயது இருபத்தேழு. தொழிலில் இன்னும் காலூன்றாத மருத்துவர். குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவின் பெரியவர் அந்தோணி பெனசெட் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அடிமைமுறையைக் கண்டித்து ஒரு துண்டு நூல் எழுதினார். ஆப்பிரிக்கர் அறிவில் குறைந்தவர் அல்லர், அவர்களிடம் காணப்படும் குறைகள் அடிமைத்தனம் விளைவித்தவை என்று அன்றே எழுதிய வெள்ளை மருத்துவர் எத்தனை பேர்? அந்த நூலால் அவருடைய மருத்துவத் தொழில் பாதிக்கப்பட்டது. எதிர்ப்பாளர் ஒருவர் பதில் நூல் எழுதியபோது ரஷ் பின்வாங்காமல் மறுப்பும் எழுதினார். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பத்திரத்தின் தேதியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

காகிதப்புலி எழுதியது:

பாரிஸ் உடன்படிக்கை உவமை அழகாகத்தான் இருக்கிறது. பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. 1776-க்குப் பிறகு காலனிகள் மன்னருக்கு வரி கட்டிக்கொண்டிருக்கவில்லை. 1788-க்குப் பிறகு க்ரப்பர் யாருடைய வீட்டில் யாருக்கு உழைத்தார்? அதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

1773-ஆம் ஆண்டு நூலை நான் மறுக்கவே இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் இன்னும் கோபம் வருகிறது. அவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர் வீட்டில் அடிமை இருந்திருக்கிறார். 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கம் புதுப்பிக்கப்பட்டு முதியவர் பெஞ்சமின் பிராங்க்ளின் தலைவரானபோது, ரஷ் அதன் செயலாளர்களுள் ஒருவர். அன்று க்ரப்பருக்கு அந்தப் பத்திரம்கூட எழுதப்படவில்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்புகளில் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்பியவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1794 என்பதே என் நிலை, அதில் மாற்றமில்லை.

தாழம்பூ எழுதியது:

இருவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். முதலில் விடுதலை என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ஆண்டைப் பற்றிச் சண்டையிடுவதில் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டமே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழித்த சட்டம்தான். அச்சட்டத்தின்படி, அது நிறைவேறிய பிறகு அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தைகூட இருபத்தெட்டு வயது வரை உழைத்துத் தீர்த்த பின்னரே முழு விடுதலை அடையும். அதற்கு முன் பிறந்து முறைப்படி பதிவு செய்யப்பட்டிருந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தால் விடுதலையே கிடையாது. ஆகவே ஒரு நாளில் வாக்குக் கொடுத்து வேறொரு நாளில் விடுவிப்பது அம்மாநிலத்தில் வழக்கத்துக்கு மாறான செயல் அன்று. வாக்குக் கிடைத்த நாளைச் சொல்கிறோமா, வாயிற்படி தாண்டிய நாளைச் சொல்கிறோமா என்று பிரித்துக்கொண்டால் இருவரும் சொல்வது சரியாகிவிடும்.

காகிதப்புலி எழுதியது:

அம்மையார் சொன்ன சட்டம் என் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது. 1794.

எழுத்தாணி எழுதியது:

தாழம்பூ அம்மா காட்டிய சட்டத்தால் என் வாதம்தான் உறுதிப்படுகிறது. அக்கால வழக்கப்படி பத்திரத்தின் தேதியே விடுதலையின் தேதி. 1788.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

இருவரும் ரஷ்ஷின் பிறந்தநாளுக்கு வராமல் இருந்தால் சரி. 1745 டிசம்பர் 24 என்று ஒரு கணக்கு. 1746 ஜனவரி 4 என்று ஒரு கணக்கு. 1752-இல் பிரிட்டனும் அதன் காலனிகளும் நாட்காட்டியை மாற்றியதால் இரண்டும் சரி. இந்த இழையில் மட்டும் அவர் பிறந்திருந்தால் இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்.

எழுத்தாணி எழுதியது:

கேலி எனக்கும் வரும், மூன்றாம் பெஞ்ச். ஆனால் தாங்கள் காட்டிய எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது. எந்தத் தேதியில் கொண்டாடினாலும் பிறந்த குழந்தை பிறந்துவிட்டது. அதுபோலவே விடுதலையும் 1788-இல் பிறந்துவிட்டது.

காகிதப்புலி எழுதியது:

பிறந்த குழந்தையை ஐந்தரை ஆண்டு எவரும் வயிற்றுக்குள் திருப்பி வைப்பதில்லை.

நாடிபார்ப்பவர் எழுதியது:

நான் தொழில்முறையில் மருத்துவன். நீங்கள் ஓர் அடிமையின் விடுதலைப் பத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, ரஷ்ஷின் கையால் இறந்தவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

1793 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பிலடெல்பியாவை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த நகரில் சுமார் ஐயாயிரம் பேர் மாண்டார்கள். கொசுவே காரணம் என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1900-இல் கியூபாவில் வால்டர் ரீட் குழுவினர் மெய்ப்பித்த பின்னர்தான் அது உறுதியாயிற்று. ஆகவே துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றமே நோயைக் கிளப்பியது என்று ரஷ் சொன்னதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் செய்த மருத்துவம் என்ன? பத்துக் குன்றிமணி எடையளவு கலோமெல், அதோடு பதினைந்து குன்றிமணி ஜாலப் வேர்த்தூள் என்று கொடுத்து வயிற்றைப் பிய்த்துக்கொண்டு போக வைப்பது. பிறகு நரம்பைக் கீறிக் குருதி வடிப்பது. மறுநாள் மீண்டும் வடிப்பது. மனித உடலில் இருபத்தைந்து பவுண்டு இரத்தம் இருப்பதாக அவர் கணக்கிட்டார். உண்மையில் இருப்பது அதில் பாதிக்கும் குறைவு. கணக்கு இரண்டு மடங்கு பிழைத்தால், நாலில் ஒரு பங்கு எடுத்ததாக அவர் எண்ணும்போது நோயாளி பாதியை இழந்திருப்பார்.

அதே நகரில் புஷ் ஹில் மருத்துவமனையில் ழான் டெவேஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஓய்வும் இதமான உணவுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே வேறு வழியே தெரியாத காலம் என்று எவரும் சாக்குச் சொல்ல வர வேண்டாம்.

பழஞ்சோறு எழுதியது:

நாடிபார்ப்பவர் ஐயா குன்றிமணி என்று எழுதியிருப்பது பிழை. அக்காலத்து மருந்துக் கணக்கில் வரும் கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். குன்றிமணி அதைவிடக் கனமானது. கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்ட வந்தவர் தாமே கணக்கைப் பிழைபட எழுதலாமா? மேலும் கலோமெல் என்றால் வாசகருக்குப் புரியாது. சித்த மருத்துவர்கள் பூரம் என்று சொல்லும் பாதரசச் சரக்கே அது என்று எழுதியிருந்தால் எளிதாக விளங்கியிருக்கும்.

நாடிபார்ப்பவர் எழுதியது:

கிரெயின் என்றே கொள்க. அதற்காக நோயாளிக்குக் குருதி திரும்பி வந்துவிடாது.

எழுத்தாணி எழுதியது:

மருத்துவர் ஐயா, ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது தங்கள் தொழிலுக்கு அழகன்று. அந்த ஆண்டு நகரை விட்டு ஓடியவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். ஓடியவர்களுள் மருத்துவர்களும் உண்டு. கூட்டாட்சி அரசே நகரைக் காலி செய்தது. குடியரசுத் தலைவர் வாஷிங்டன் மவுண்ட் வெர்னனுக்குப் போய்விட்டார். ரஷ் போகவில்லை. மனைவி ஜூலியாவையும் பிள்ளைகளையும் ஊருக்கு வெளியே விட்டுவிட்டு, நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல் பார்த்தார். அவருடைய சகோதரி அந்த வீட்டிலேயே இறந்தார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் மூவர் இறந்தனர். அவருக்கே காய்ச்சல் கண்டபோது, மற்றவர்களுக்குச் செய்த அதே குருதி வடிப்பையும் அதே பேதி மருந்தையும் தமக்கும் செய்துகொண்டார். தம் மருந்தைத் தாமே குடித்தவரைக் கொலையாளி என்று சொல்ல நா எப்படித் துணிகிறது?

நாடிபார்ப்பவர் எழுதியது:

கொலையாளி என்ற சொல்லை நான் எழுதவே இல்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள். துணிச்சலை நான் மறுக்கவில்லை. துணிச்சலான மருத்துவரின் பிழைதான் ஊருக்குப் பெருங்கேடு, ஏனெனில் அவரை எல்லோரும் நம்புவார்கள். சுமார் மூவாயிரம் மாணவர்கள் அவரிடம் படித்துவிட்டு நாடெங்கும் சென்றார்கள். அவர்கள் கையிலும் கத்தி இருந்தது. 1803-இல் நாடாய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது ரஷ்ஷின் பேதி மாத்திரைகள் அறுநூறு உடன் சென்றன. இடிமுழக்கம் என்று அவற்றுக்குப் பட்டப்பெயர்; காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் குருதி வடிக்கும் வழக்கம் ஒழிய அவருக்குப் பிறகு தலைமுறைகள் ஆயின.

காகிதப்புலி எழுதியது:

மஞ்சள் காய்ச்சலை இங்கே இழுத்து வந்தமைக்கு மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. ஏனென்றால் அந்தக் காய்ச்சலுக்கு நடுவிலும் க்ரப்பர் அடிமைதான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1793 ஆகஸ்டில், பிலடெல்பியாவின் கறுப்பினத்தவர் தமக்கென ஒரு தேவாலயம் கட்டத் தொடங்கி, கூரைச் சட்டம் ஏற்றியதைக் கொண்டாட ஒரு விருந்து வைத்தார்கள். அந்தத் தேவாலயத்துக்குப் பணம் திரட்டவும் திட்டம் வகுக்கவும் ரஷ் உதவியவர். மரநிழலில் நடந்த அவ்விருந்தில் முதலில் வெள்ளையர் அமர்ந்து உண்டார்கள், கறுப்பினத்தவர் பரிமாறினார்கள். பிறகு கறுப்பினத்தவர் அமர்ந்தார்கள், வெள்ளையர் பரிமாறினார்கள். ரஷ் நெகிழ்ந்து போனார். இதைப் படிக்கும்போது எனக்கும் நெகிழ்ச்சிதான். ஆனால் தேதியைப் பாருங்கள், ஐயா! 1793 ஆகஸ்டு. பத்திரத்தின்படி வில்லியம் க்ரப்பருக்கு விடுதலை 1794 பிப்ரவரி. அந்த விருந்தில் ஊரார் சமத்துவத்தைக் கண்டு கண் கலங்கிய பெரியவரின் உடைமைப் பட்டியலில் இன்னும் ஒரு மனிதர் இருந்தார். 1788-இல் விடுதலை என்று எழுதுகிறவர் இந்த விருந்தை எங்கே கொண்டு போய் வைப்பார்?

இதோடு நிற்கவில்லை. சில நாட்களில் காய்ச்சல் பரவியதும், கறுப்பினத்தவரை இந்நோய் தீண்டாது என்று சார்ல்ஸ்டன் நகரத்துப் பழைய குறிப்பு ஒன்றை நம்பி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அவர்களை அழைத்தவரும் இதே ரஷ்தான். கறுப்பினத் தலைவர்களான ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் ஆட்களைத் திரட்டினார்கள், பிணங்களைச் சுமந்தார்கள், ரஷ்ஷிடம் கற்றுக்கொண்டு எண்ணூறு பேருக்கு மேல் குருதி வடித்துவிட்டார்கள். நோய் அவர்களையும் தீண்டியது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இறந்தனர். அதற்குப் பரிசாக, மேத்யூ கேரி என்ற அச்சகத்தார் செவிலியர் வேலைக்குப் பேராசைக் கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று அவர்கள்மேல் பழி சுமத்தி எழுதினார். ஆலனும் ஜோன்ஸும் 1794-இல் மறுப்பு நூல் எழுத வேண்டியதாயிற்று. அதே 1794.

தாழம்பூ எழுதியது:

கறுப்பினத்தவரை நோய் தீண்டாது என்று தாம் எண்ணியது பிழை என்பதை ரஷ் பின்னர் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. அதே நேரத்தில், பிழையை ஒப்புக்கொண்ட அந்த மனிதர் 1797-இல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்தில் படித்த கட்டுரையையும் மறைக்கக் கூடாது. கறுப்பு நிறம் தொழுநோயின் வழியாக வந்ததாக இருக்கலாம் என்று அக்கட்டுரையில் வாதிட்டார். நோய் என்றால் இரக்கம் காட்ட வேண்டும், ஆகவே வெள்ளையர் தம்மை உயர்ந்தவர் என்று கருதக் கூடாது என்பது அவர் கண்ட ஒரு முடிவு. நோய் என்றால் மணவுறவு கூடாது என்பது அவர் கண்ட மற்றொரு முடிவு. 1773-இல் நிறத்தால் வேறுபாடு இல்லை என்றவர் 1797-இல் நிறத்துக்கு மருந்து தேடினார். என்னைக் கேட்டால், க்ரப்பரின் பத்திரத்தைவிட இந்தக் கட்டுரைதான் விவாதிக்க வேண்டிய பொருள்.

எழுத்தாணி எழுதியது:

அந்தக் கட்டுரைக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே பொருள் 1788.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

நாடிபார்ப்பவர் ஐயா, எனக்கு ஓர் ஐயம். வாஷிங்டனுக்குக் குருதி வடித்து அனுப்பி வைத்ததும் ரஷ்தானே?

நாடிபார்ப்பவர் எழுதியது:

இல்லை. ஊரெல்லாம் இப்படித்தான் கலந்து பேசுகிறார்கள். வாஷிங்டனைப் பார்த்தவர்கள் கிரெய்க், பிரவுன், டிக் ஆகிய மூவர். ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் குருதி எடுத்தார்கள். ரஷ் அந்த அறையிலேயே இல்லை. ஆனால் நாள் மட்டும் வேடிக்கையான நாள். வில்லியம் காபெட் என்ற இதழாளர், பீட்டர் முள்ளம்பன்றி என்ற புனைபெயரில், ரஷ்ஷின் மருத்துவம் மக்கள்தொகையைக் குறைக்கும் கண்டுபிடிப்பு என்ற பொருள்பட எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். ரஷ் அவதூறு வழக்குப் போட்டார். 1799 டிசம்பர் 14-ஆம் நாள் நீதிமன்றம் ரஷ்ஷுக்கு ஐயாயிரம் டாலர் இழப்பீடு வழங்கியது. அதே இரவில் வாஷிங்டன், குருதி வடிக்கப்பட்ட உடலோடு இறந்தார். காபெட் நியூயார்க்குக்குப் போய், ரஷ்ஷின் பெயரை வைத்தே ஓர் இதழ் தொடங்கி மேலும் திட்டினார்.

எழுத்தாணி எழுதியது:

புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கல்லெறிகிற வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். முள்ளம்பன்றி, புலி எல்லாம் ஒரே காட்டைச் சேர்ந்தவை போலும்.

காகிதப்புலி எழுதியது:

எழுத்தாணி என்பது தங்கள் பெற்றோர் இட்ட பெயர் என்பதை இன்றுதான் அறிந்தேன், வாழ்த்துகள்.

புனைபெயர் பற்றிப் பேச ரஷ்ஷின் அடியாருக்கு எந்தத் தகுதியும் இல்லை. 1773-ஆம் ஆண்டு நூலில் அவர் தம் பெயரைப் போடவில்லை. பென்சில்வேனியாக்காரன் ஒருவன் என்று மட்டும் போட்டார். 1778 ஜனவரியில், வாஷிங்டன் படையை நடத்தும் அழகைக் குறைகூறி வர்ஜீனியா ஆளுநர் பேட்ரிக் ஹென்றிக்குக் கையொப்பம் இல்லாமல் ஒரு கடிதம் எழுதினார். ஹென்றி அதை அப்படியே வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். வாஷிங்டன் கையெழுத்தைப் பார்த்தவுடன் ஆளைக் கண்டுகொண்டார். தாங்கள் கட்டுரையில் இந்த நிகழ்ச்சியை ஏன் எழுதவில்லை?

எழுத்தாணி எழுதியது:

ஏனென்றால் அந்தக் கடிதத்தின் பின்னணி தங்களுக்கு வேண்டாதது, எனக்கு வேண்டியது. ரஷ் அப்போது படையின் மத்தியப் பிரிவுக்குத் தலைமை மருத்துவர். மருத்துவமனைகளில் வீரர்கள் ஈக்களைப்போல் செத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவத் துறைத் தலைவர் வில்லியம் ஷிப்பன்மீது ரஷ் முறைப்படி புகார் எழுப்பினார், எடுபடவில்லை, பதவியை விட்டு விலகினார். புகார் சொன்னவர் வெளியே போனார், புகாருக்கு உள்ளானவர் நாற்காலியில் இருந்தார். இன்றும் அலுவலகங்களில் இதைத்தானே பார்க்கிறோம்? அன்று வாஷிங்டனைக் குறை சொன்னது பிழையாக இருக்கலாம். வீரர்களுக்காகப் பேசியது பிழை அன்று. படுக்கைகளை நெருக்காமல் காற்றோட்டமாக வையுங்கள், தூய்மையாக இருங்கள், காய்கறி கொடுங்கள் என்று படைவீரர் நலம் பற்றி அவர் எழுதிய அறிவுரையைப் படித்திருந்தால் காகிதப்புலி இப்படிப் பேச மாட்டார்.

காகிதப்புலி எழுதியது:

படித்திருக்கிறேன். நல்ல அறிவுரை. அது 1788-ஐ 1794 ஆக்குவதற்கும் உதவாது, 1794-ஐ 1788 ஆக்குவதற்கும் உதவாது. மறுபடியும் கேட்கிறேன்: 1789-இல், 1790-இல், 1791-இல், 1792-இல், 1793-இல் வில்லியம் க்ரப்பர் தம் விருப்பப்படி அந்த வீட்டை விட்டுப் போயிருக்க முடியுமா? ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களுள் ஒன்றைச் சொல்லுங்கள். உடன்படிக்கை வேண்டாம், பிறந்த குழந்தை வேண்டாம், படுக்கை வேண்டாம்.

எழுத்தாணி எழுதியது:

நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். தாங்களும் ஆம், இல்லை என்று சொல்லுங்கள். 1788-க்குப் பிறகு ரஷ் மனம் மாறி க்ரப்பரை வேறொருவருக்கு ஆயுள் அடிமையாக விற்றிருக்க முடியுமா? முடியாது. தமக்குப் பிறகு தம் உரிமையை நாடி வரும் எவரையும் அப்பத்திரம் கட்டுப்படுத்தியது. விற்க முடியாத அடிமை, முடிவுநாள் தெரிந்த அடிமை. அப்படி ஒரு நிலையை 1788-இல் உருவாக்கியவர் ரஷ். 1803 முதல் 1813-இல் இறக்கும் வரை அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். சங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாத குற்றம் இருநூறு ஆண்டு கழித்துத் தங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

காகிதப்புலி எழுதியது:

கேள்விக்குப் பதிலாகக் கேள்வி. ஆக, போயிருக்க முடியாது என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்தாணி எழுதியது:

எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தாங்கள் எடுத்துக்கொள்வது தங்கள் பழக்கம்.

பழஞ்சோறு எழுதியது:

மதுவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? 1784-இல் வடித்த சாராயத்துக்கு எதிராக அவர் எழுதிய சிறுநூல்தான் அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்துக்கு வித்து. பின்னாளில் அதனோடு வெப்பமானி வடிவத்தில் ஓர் அட்டவணையையும் சேர்த்தார். மேலே தண்ணீர், பால், நலம், செல்வம். கீழே போகப் போகச் சாராயம், கடன், சிறை, தூக்கு. ஆனால் அதே அட்டவணையில் பியரையும் திராட்சை மதுவையும் அளவோடு குடிக்கலாம் என்று மேல்பாதியில் வைத்திருக்கிறார். இவரை மதுவிலக்குத் தந்தை என்று எழுத்தாணி எழுதியதும் பிழைதான். அதையும் திருத்த வேண்டும்.

எழுத்தாணி எழுதியது:

பழஞ்சோறு ஐயா, குன்றிமணியோடு நிறுத்தியிருக்கலாம்.

நாடிபார்ப்பவர் எழுதியது:

மனநோயாளிகளைப் பற்றியும் ஒரு சொல். பென்சில்வேனியா மருத்துவமனையில் அவர்களைச் சங்கிலியிலும் குளிரிலும் வைத்திருந்த நிலையை மாற்றச் சொல்லிப் போராடியவர் ரஷ். பித்து என்பது பாவமோ பேய்பிடித்தலோ அன்று, நோய் என்று 1812-இல் நூல் எழுதினார். இதற்காக அவரை நான் வணங்குகிறேன். ஆனால் அதே மனிதர், கைகால்களையும் தலையையும் கட்டிப்போடும் அமைதி நாற்காலி ஒன்றையும் செய்துவைத்தார். அங்கேயும் குருதி வடித்தார். தீமையைச் சரியாகக் கண்டுபிடிப்பதும், கத்தியைக் கையிலெடுப்பதும் இவரிடம் சேர்ந்தே வருகின்றன.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

அமெரிக்காவின் இரண்டாம், மூன்றாம் குடியரசுத் தலைவர்களான ஆடம்ஸும் ஜெபர்சனும் 1801-க்குப் பிறகு முகம் பார்க்காமல் இருந்தார்கள். ரஷ் இருவருக்கும் மாறி மாறிக் கடிதம் எழுதினார். நீங்கள் இருவரும் சேர்ந்ததாகக் கனவு கண்டேன் என்றுகூட ஆடம்ஸுக்கு 1809-இல் எழுதினார். 1812 புத்தாண்டு அன்று ஆடம்ஸ் முதல் கடிதத்தை அனுப்பினார். இந்தக் குழுமத்தில் அப்படி ஒரு கனவு காணும் அளவுக்கு உறக்கம் உள்ளவர் யாரேனும் இருக்கிறீர்களா?

காகிதப்புலி எழுதியது:

சமரசத்துக்கு நான் எப்போதும் தயார். கட்டுரையில் 1788 என்ற எண்ணை அழித்து 1794 என்று எழுதினால் இந்த நொடியே முடித்துக்கொள்ளலாம்.

எழுத்தாணி எழுதியது:

நானும் தயார். இழையின் தலைப்பில் உள்ள 1794 என்ற எண்ணை நீக்கினால் போதும்.

தாழம்பூ எழுதியது:

இவ்வளவு நேரம் பேசினோம்; வில்லியம் க்ரப்பரைப் பற்றி நாம் சொன்னது எல்லாம் ரஷ்ஷின் கைப்பட எழுதியவையே. அவருடைய விலையைச் சொன்னவர் ரஷ். அவருடைய விடுதலை நாளைக் குறித்தவர் ரஷ். ஈடு தீர்ந்துவிட்டதா என்று கணக்குப் பார்த்தவரும் ரஷ்தான். ஆலனும் ஜோன்ஸும் தம் மீது வந்த பழிக்குத் தாமே அச்சில் பதில் சொன்னார்கள். க்ரப்பர் தம் விடுதலை நாள் எது என்று சொன்ன ஒரு வரியைக்கூட இந்த இழையில் ஒருவரும் கொண்டுவரவில்லை.

காகிதப்புலி எழுதியது:

அம்மையார் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். அவரைக் கேட்டிருந்தால் 1794 என்றுதான் சொல்லியிருப்பார்.

எழுத்தாணி எழுதியது:

இறந்தவர் வாயில் சொல் வைப்பதும் தொடங்கியாயிற்று. இந்த இழையில் இது என் கடைசிப் பதிவு. நாளை ரஷ் முன்னின்று நிறுவிய டிக்கின்சன் கல்லூரியைப் பற்றி எழுதவிருக்கிறேன். படிக்க விரும்புவோர் படிக்கலாம்.

காகிதப்புலி எழுதியது:

அந்தக் கல்லூரி இருக்கும் கார்லைல் ஊரில் இலக்கணப் பள்ளி 1773-லேயே தொடங்கிவிட்டது; கல்லூரிக்குப் பட்டயம் கிடைத்தது 1783 செப்டம்பரில். தொடங்கிய ஆண்டு எது என்று எழுதப் போகிறீர்கள் என்பதைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.